மிஸ்டர் பார்ட்ரிட்ஜின் பச்சைக் கார்

நோரீன் ஹாட்ஜெட்ஸ் எச்சில் கையால் காக்கா ஓட்டமாட்டாள் என்பது ஆல்டர்சி ஸ்போர்ட்ஸ் கார் பட்டறையில் வேலை பார்த்த தொண்ணூறு பேருக்கும் தெரியும். செலவுக் கணக்கு அவள் பொறுப்பு. ஒரு காருக்கு எத்தனை அடி மரம், எத்தனை திருகாணி, எவ்வளவு தோல், எவ்வளவு பசை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். பசைக் குப்பியைத் திறந்து வைத்துவிட்டு எவனாவது சிகரெட் பிடிக்கப் போனால் முடிந்தது கதை. பட்டறையின் இந்த முனையில் அவள் போடும் சத்தம் செவர்ன் ஆற்றின் அந்தக் கரையில் மீன் பிடிப்பவனுக்குக் கேட்கும்.

"ஆணி கேட்டா, ஆவியைக் கேட்ட மாதிரி பாக்குறா" என்பார் வில்ஃப் பேலிஸ். ஆல்டர்சி காரின் உள்சட்டம் மரத்தில்தான். அந்த மரவேலைக்கு அவர்தான் மேஸ்திரி. அவள் முகத்துக்கு நேராகவே சொல்வார். அவளும் சும்மா விடமாட்டாள். "உங்க கையில ஓட்டை இருக்கு வில்ஃப். அதை அடைக்கத்தான் முதலாளி எனக்குச் சம்பளம் தர்றார்."

ஆனால் அவளைக் கஞ்சம் என்று மட்டும் சொல்லி முடித்துவிட்டால் அது அநியாயம். வாரத்துக்கு ஏழு கார் செய்யும் பட்டறையை நடத்துவது லேசுப்பட்ட காரியமா? பெரிய கம்பெனிக்காரன் காலை டீயைக் குடித்து முடிப்பதற்குள் ஏழு காரை வெளியே தள்ளிவிடுவான். விளக்குக் கம்பெனியில் போய், எங்களுக்கென்று ஒரு பின்விளக்கு செய்து கொடுங்கள் என்று கேட்டால், ஐயாயிரத்துக்குக் குறைந்து அச்சே போடமாட்டோம் என்பான். ஐயாயிரம் விளக்கை வைத்துக்கொண்டு ஆல்டர்சி ஏழு வருஷம் கார் செய்யலாம். அதனால் நோரீன் டிராக்டர் விளக்கைத் தேடிப் பிடித்தாள். கதவுக் கைப்பிடி ரொட்டி வண்டியுடையது. ஸ்டீயரிங் தண்டு தபால் வேனுடையது. தோல் கையுறை மாட்டிக்கொண்டு லண்டனிலிருந்து வரும் கனவான்கள் அந்தக் கைப்பிடியைத் தடவிப் பார்த்து, "ஆகா, என்ன வேலைப்பாடு!" என்று உருகுவார்கள். நோரீன் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குவாள்.

விலை வைப்பதில் பழைய முதலாளி ஒரு விதி போட்டுவிட்டுப் போயிருந்தார். செலவு எவ்வளவோ அதோடு பத்தில் ஒரு பங்கு, அதற்கு மேல் ஒரு பென்னி கூடாது. அந்த விலைக்கு வாங்க ஐந்து வருஷ வரிசை நின்றது. இரண்டு வருஷம் ஓட்டிய ஆல்டர்சியை லண்டன் தரகர்கள் புதுக் காரைவிட அதிக விலைக்கு விற்றார்கள். அப்படியானால் விலையை ஏற்றவேண்டியதுதானே என்று கேட்காத புத்திசாலி கிடையாது. கிழவர் ஏற்றவில்லை. "கெட்ட காலம் வந்தா வரிசைதான் குறையணும். ஆளு குறையக்கூடாது" என்பார். பர்மிங்ஹாமில் பெரிய பெரிய தொழிற்சாலைகள் ஆயிரம் ஆயிரமாக ஆட்களை வீட்டுக்கு அனுப்பிய வருஷங்களில்கூட ஆல்டர்சியில் ஒருவன் சீட்டும் கிழியவில்லை. வரிசை மட்டும் ஐந்து வருஷத்திலிருந்து நாலானது. அவ்வளவுதான்.

கிழவர் போட்ட இன்னொரு விதிதான் இந்தக் கதைக்கு முக்கியம். இருபது வருஷம் வேலை பார்த்தவர்கள் அடக்க விலைக்கு ஒரு கார் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் ஆர்டர் புத்தகத்தில் சொந்தப் பெயரில் பதியக்கூடாது, ஏதாவது ஒரு பறவையின் பெயரில்தான் பதியவேண்டும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில், தோல் தைக்கும் ஒருவர் சொந்தப் பெயரில் காருக்கு ஆர்டர் போட்டார். நம்ம ஆளுக்காச்சே என்று ஆளாளுக்கு இழைத்து இழைத்துச் செய்ததில், அந்த வாரம் ஏழு கார் வெளிவர வேண்டிய இடத்தில் நாலுதான் வந்தது. கிழவர் ஆடித் தீர்த்துவிட்டார். அன்றிலிருந்து மிஸ்டர் ரென், மிஸ்டர் ஃபின்ச், மிஸ்டர் குரோ என்றுதான் பதிவு. இந்தப் பெயர்களில் நிஜ மனிதர்களும் நாட்டில் ஏராளம் இருப்பதால் யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. உண்மை தெரிந்த ஒரே ஆள் செலவுக் கணக்கு பார்ப்பவர். முதலாளிகூடக் கேட்கக்கூடாது.

கார் முடிந்த வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கேட்டருகே நின்று, "மிஸ்டர் ஃபின்ச்!" என்று கூப்பிடுவார்கள். வர்ணம் அடிக்கும் ஒருவன் வெட்கப்பட்டுக்கொண்டு கூட்டத்திலிருந்து வெளியே வருவான். உடனே பட்டறையே கையில் கிடைத்த தகரத்தையெல்லாம் எடுத்துத் தட்டும். அவன் காரில் ஏறிக் கேட்டைத் தாண்டும்வரை அந்தச் சத்தம் ஓயாது.

நோரீன் பதினேழு வயதில் அங்கே சேர்ந்தவள். இருபத்தைந்து வருஷமாக ஜன்னலருகே உட்கார்ந்து அந்தக் கேட்டைப் பார்த்தவள். எத்தனையோ ஆயிரம் காருக்கு விலை போட்டவள். மாலையில் வீட்டுக்குப் போவது மட்டும் பஸ்ஸில். நானும் ஒரு நாள் அந்தக் கேட்டைத் தகரச் சத்தத்தோடு தாண்டவேண்டும் என்ற ஆசை அவளுக்குள் கிடந்து அரித்தது. மதியம் ரொட்டியில் பன்றிக் கொழுப்பைத் தடவித் தின்று மிச்சம் பிடித்தாள். எழுபத்திரண்டில் மிஸ்டர் பார்ட்ரிட்ஜ் என்ற பெயரில் அடர்பச்சைக் கார் ஒன்றைப் பதிந்தாள். அவள் புருஷன் லென்னுக்கு மட்டும் விஷயம் தெரியும். லென், கிடர்மின்ஸ்டர் போகும் பஸ்ஸின் டிரைவர்.

"யாருடி அந்தப் பார்ட்ரிட்ஜ்? என்னைவிட அழகனா?" என்று வாரம் ஒரு தடவையாவது கேட்பார்.

"உங்களைவிட அமைதியானவர்" என்பாள்.

எழுபத்தேழு வந்தது. புதுச் சட்டமும் வந்தது. அக்டோபரிலிருந்து ஒவ்வொரு மாடலிலும் ஒரு காரைக் கான்கிரீட் சுவரில் முப்பது மைல் வேகத்தில் மோதவிட்டுக் காட்டவேண்டும். ஸ்டீயரிங் தண்டு ஐந்து அங்குலத்துக்கு மேல் ஓட்டுபவரின் நெஞ்சை நோக்கிப் பின்னால் வந்தால், அந்த மாடலை விற்கக்கூடாது. மூன்று லட்சம் கார் செய்கிறவனுக்கு ஒரு கார் நொறுங்குவது கொசுக்கடி. வாரம் ஏழு கார் செய்கிறவனுக்கு அது வயிற்றில் விழும் அடி. சோதனைக் கட்டணமும் நொறுங்கும் காரும் சேர்ந்தால், ஒரு மாதம் முழுக்க உழைத்த லாபம் காணாமல் போகும். சோதனைக்களத்தில் ஆல்டர்சிக்குக் கிடைத்தது செப்டம்பரில் ஒரே ஒரு வியாழக்கிழமை. அதைத் தவறவிட்டால் அடுத்த மே மாதம்தான். எட்டு மாதம் விற்காமல் சம்பளம் கொடுக்க வழியில்லை, பட்டறையை மூடவேண்டியதுதான்.

கிழவரின் பேரன் ஜைல்ஸ்தான் இப்போது முதலாளி. முப்பத்து நாலு வயது, நல்ல பையன், சீக்கிரம் வியர்த்துப் போவான். எல்லோரையும் கூட்டி வைத்து, "மத்த காரை எப்படிச் செய்யறோமோ, அதே மாதிரி இதையும் செய்யுங்க. கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்" என்றான். எல்லோரும் தலையாட்டினார்கள்.

தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய் ஆளாளுக்கு யோசித்தார்கள். பாவம், சுவரில் போய் மோதப்போகிற பிள்ளை ஆயிற்றே! வெறும் கையோடு எப்படி அனுப்புவது? வில்ஃப் தன் வீட்டுக் கொட்டகையிலிருந்து நல்ல ஆஷ் மரத்துண்டு இரண்டைக் கோட்டுக்குள் மறைத்துக் கொண்டுவந்தார். பற்றவைப்பவன் சாப்பாட்டு நேரத்தில், சொந்தக் காசில் வாங்கிய இரும்புப் பட்டைகளை அடியில் ஒட்டினான். தகரம் தட்டுகிறவன் ஒரு சுற்றுக் கனமான தகடு போட்டான். பசை ஊற்றுகிறவன், நோரீனுக்குத் தெரிந்தால் கொன்றுவிடுவாள் என்று சொந்தப் பசை கொண்டுவந்தான். ஒருவன் செய்தது மற்றவனுக்குத் தெரியாது. நான் ஒருத்தன் செய்தால் என்ன ஆகிவிடப் போகிறது என்றுதான் ஒவ்வொருவனும் நினைத்தான்.

நோரீன் ஸ்டோர் கணக்கைப் பார்த்துவிட்டுப் பூரித்துப் போனாள். "ஒரு திருகாணிகூட வீணாக்கலையே! பரவாயில்லை, கெட்டிக்காரங்கதான்" என்று வாழ்நாளில் முதல் தடவையாக அவர்களைப் பாராட்டினாள். வில்ஃப் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

செவ்வாய்க்கிழமை காலை, ஸ்டேஷன் பக்கத்து நிலக்கரிக் கடையின் எடைமேடையில் எல்லோருமாகக் காரை ஏற்றினார்கள். சோதனைக்களத்தில் முதலில் எடை பார்ப்பார்கள், பதிவு செய்த எடையோடு ஒத்துவராவிட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். நிலக்கரிக் கடைக்காரர் முள்ளைப் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார்.

"என்னப்பா, என் மூட்டை ஒண்ணைத் திருடி உள்ள வெச்சிருக்கீங்களா? சரியா ஒரு மூட்டை கூட இருக்கே!"

ஜைல்ஸுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஒரு மூட்டையா? எப்படி?"

வில்ஃப் மறுபடியும் தன் பூட்ஸைப் பார்த்தார். நோரீன் இடுப்பில் கை வைத்தாள். "வில்ஃப்?"

"ரெண்டே ரெண்டு துண்டு மரம்தான் நோரீன்…"

"அப்புறம்?"

"நாலு பட்டை" என்றான் பற்றவைப்பவன். "கொஞ்சூண்டு பசை" என்றான் இன்னொருவன். தகரக்காரன், வர்ணக்காரன், தோல் தைக்கிறவள் என்று ஒவ்வொருவராக வாய் திறந்தார்கள். சிறுதுளி பெருவெள்ளம் என்பார்களே, அது அன்றைக்கு எடைமேடையில் ஓடியது.

"அடப்பாவிகளா! கிழவர் எதுக்குப் பறவைப் பேரு வெக்கச் சொன்னார்? இந்தப் புத்திக்குத்தானே! அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சுன்னு உங்களுக்கு யாருமே சொல்லித் தரலையா?" நோரீன் கத்தினாள். பிரித்தெடுக்கவும் வழியில்லை. எல்லாமே உள்ளே ஒட்டி, பற்றவைத்து, மேலே தகடு மூடியாகிவிட்டது. பிரித்துச் சேர்க்க இரண்டு வாரமாகும். சோதனைக்கு இருப்பது இரண்டு நாள்.

ஜைல்ஸ் நிலக்கரிக் கடை வாசலில், கரி படிந்த கல்லிலேயே உட்கார்ந்துவிட்டான். "அதே மாடல்ல முடிஞ்ச கார் வேற எத்தனை இருக்கு?"

"ரெண்டு" என்றாள் நோரீன்.  "ஒண்ணு பெல்ஜியத்துப் பல் டாக்டருக்கு. ஆளு கப்பல்ல வந்துகிட்டிருக்கார். இன்னொண்ணு… மிஸ்டர் பார்ட்ரிட்ஜுக்கு."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பார்ட்ரிட்ஜ், அதாவது கவுதாரி. நம்ம ஆளாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

ஜைல்ஸ் எழுந்து வந்தான். "மிஸஸ் ஹாட்ஜெட்ஸ், அது யாருன்னு நான் கேட்கமாட்டேன். தாத்தா விதி. நீங்க போய் அந்த மனுஷர்கிட்ட கேட்டுப் பாருங்க. சாயங்காலத்துக்குள்ள பதில் சொன்னா போதும். முடியாதுன்னு சொன்னா, அதோட சரி. அவர்மேல எந்தத் தப்பும் இல்லை."

தன்னிடமே தான் போய்க் கேட்கவேண்டிய நிலைமை உலகத்தில் வேறு யாருக்காவது வந்திருக்குமா? நோரீன் நேரே முடிந்த கார்கள் நிற்கும் கொட்டகைக்குப் போனாள். பச்சைக் கார் நின்றது. ரொட்டி வண்டிக் கைப்பிடியைத் திருப்பி உள்ளே உட்கார்ந்தாள். புதுத் தோல் வாசனை. இது எவனும் ஒரு துண்டு மரம்கூடக் கூடுதலாக வைக்காத சாதாரணக் கார், ஏனென்றால் எவனுக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் இதையும் கனமாக்கியிருப்பார்கள், இது தப்பித்திருக்கும். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

முடியாது என்று சொல்லிவிடலாம். கேட்டில் தகரச் சத்தம் வேண்டாம், லண்டன் தரகனிடம் சத்தமில்லாமல் கைமாற்றிவிட்டால் பார்ட்ரிட்ஜ் யாரென்று கடைசிவரை தெரியாது. லாபம்கூட வரும். அந்த நினைப்பு வந்ததும், சீ என்று தன் கன்னத்திலேயே ஒன்று போட்டுக்கொண்டாள்.

மதியம் பாலத்தருகே லென்னின் பஸ் வந்ததும் ஏறிக்கொண்டாள். கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கினார்கள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள்.

லென் பிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றி அவளிடம் நீட்டினார். "சரி, பார்ட்ரிட்ஜ் என்ன சொல்றான்?"

"மாட்டேங்குறார்."

"அவன் அப்படித்தான். எனக்கு அப்பவே தெரியும், சுயநலம் பிடிச்சவன்."

"லென், எனக்கு அந்தக் கார் வேணும். ரொம்ப வேணும். அஞ்சு வருஷமா அந்தக் கேட்டைத்தான் பார்த்துகிட்டு இருக்கேன்."

"தெரியும்டி."

"பட்டறையும் வேணும். வில்ஃபுக்கு அம்பத்தெட்டு வயசு. அவரை எவன் வேலைக்குக் கூப்பிடுவான்?" டீயை ஒரே மடக்கில் குடித்தாள். "அந்த முட்டாளுங்க இருந்தா இன்னொரு கார் செஞ்சுக்கலாம். கார் இருந்து அவங்க இல்லாட்டி, நான் கேட்டைத் தாண்டும்போது தகரம் தட்ட யாரு இருப்பா?"

லென் பிளாஸ்கை மூடி வைத்தார். அவள் தோளைத் தட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

சாயங்காலம் அவள் ஜைல்ஸின் அறைக்குள் தலையை நீட்டினாள். "மிஸ்டர் பார்ட்ரிட்ஜ் சரின்னுட்டார்."

"அவருக்கு நான் எப்படி நன்றி சொல்றது?"

"சொல்லவேண்டாம். ரொம்ப முரட்டு ஆளு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை சோதனைக்களத்துக்கு ஜைல்ஸும் வில்ஃபும் போனார்கள். கட்டணம் கட்ட நானும் வரவேண்டும் என்று நோரீனும் தொற்றிக்கொண்டாள். எடை ஒரு குண்டுமணி பிசகாமல் சரியாக இருந்தது. தடித்த கண்ணாடிக்குப் பின்னால் மூவரும் நின்றார்கள். தூரத்தில் பச்சைக் கார் கிளம்பியது. உள்ளே துணிப்பொம்மை ஒன்று உட்கார்ந்திருந்தது. நான் உட்காரவேண்டிய இடம் என்று நோரீன் நினைப்பதற்குள் கார் சுவரில் போய் விழுந்தது.  "ஐயோ, என் காரு!" என்று அலறிவிட்டாள்.

வில்ஃப் திரும்பிப் பார்த்தார். "நோரீன்… நீயா?"

 கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். ஜைல்ஸ் அவளையும் காரையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் கண்ணும் கலங்கிவிட்டது.

அளக்கிறவர் அளவுகோலோடு குனிந்து வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்து, "நாலேகால் அங்குலம். தேறிடுச்சு" என்றார். ஜைல்ஸ் அந்த மனிதரைக் கட்டிப்பிடித்து மூச்சுத் திணறவைத்துவிட்டான்.

வில்ஃப் மட்டும் நொறுங்கிய மரச் சட்டத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். மெல்லக் கேட்டார்: "ஐயா, இங்கே இன்னும் ரெண்டு துண்டு மரம் வெச்சிருந்தா?"

"கெட்டது போங்க. இந்த மரம் உடைஞ்சு அடியை வாங்கிக்கிச்சு. உடையாம விறைப்பா நின்னிருந்தா, அத்தனை அடியும் தண்டு வழியா நெஞ்சுல இறங்கியிருக்கும்."

வில்ஃப் தொப்பியைக் கழற்றினார். 

மறுநாள் காலைக்குள் பார்ட்ரிட்ஜ் யாரென்று பட்டறை முழுக்கத் தெரிந்துவிட்டது. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? அன்று அவள் மேஜையில் எட்டுக் கோப்பை டீ வரிசையாக வந்து நின்றது.  அதில் இரண்டில் சர்க்கரை போட மறந்திருந்தார்கள். அதற்கு மட்டும் திட்டினாள்.

அடுத்த வாரம் ஜைல்ஸ் அவளைக் கூப்பிட்டான். "அந்தக் கனமான காரை வாடிக்கையாளர் யாருக்கும் விக்க முடியாது. தேறின மாடலோட அது ஒத்துவராது. ஆனா அக்டோபர் வர்றதுக்குள்ள பதிஞ்சுட்டா, பழைய சட்டப்படி ரோட்டுல ஓடலாம். உங்களுக்குச் சம்மதம்னா எடுத்துக்கோங்க. நொறுங்கின காரோட செலவு பட்டறையைச் சேர்ந்தது. இதுக்கு மட்டும் அடக்க விலை போடுங்க."

நோரீன் விலை போட உட்கார்ந்தாள். மரம், தோல், எஞ்சின் எல்லாம் வந்தது. அந்தக் கூடுதல் மூட்டையில் வந்து பேனா நின்றது. கொட்டகை மரம், சாப்பாட்டு நேரம், சொந்தப் பசை. இருபத்தைந்து வருஷமாக எல்லாவற்றுக்கும் விலை போட்டவளுக்கு, இதற்கு என்ன விலை போடுவதென்று தெரியவில்லை. கடைசியில் பேனாவை மூடிவிட்டு மூக்கைச் சிந்தினாள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கார் கேட்டருகே நின்றது. வெள்ளையாக இருந்ததை வர்ணக்காரன் அடர்பச்சையாக்கியிருந்தான்.

"எத்தனை பூச்சுடா இது?" என்றாள் அவனிடம்.

"ஏழு."

"நாலுதானே கணக்கு! இன்னும் எடையை ஏத்தியிருக்கியே, உருப்படுவியா நீ?"

ஜைல்ஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மிஸ்டர் பார்ட்ரிட்ஜ்!" என்று கூப்பிட்டான்.

தொண்ணூறு பேரும் தட்டினார்கள். தகரம், வாளி, பழைய விளக்குக் கூடு, நிலக்கரிக் கடைக்காரர் கொண்டுவந்த கரி அள்ளும் கரண்டி. வில்ஃப் புது மட்கார்டு ஒன்றையே எடுத்துத் தட்டினார். அதில் பள்ளம் விழுந்ததை நோரீன் பார்த்தாள், முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டாள். அன்று லீவு போட்டிருந்த லென் பக்கத்து இருக்கையில் ஏறினார். அவள் கேட்டைத் தாண்டினாள்.

ஊரைத் தாண்டி மேட்டில் ஏறும்போது கார் திணறியது. பின்னால் வந்த கிடர்மின்ஸ்டர் பஸ் ஹார்ன் அடித்து அவர்களை முந்திக்கொண்டு போனது. ஜன்னலோரம் இருந்த கிழவிகள் கையசைத்தார்கள்.

"ஸ்போர்ட்ஸ் காராம்! என் பஸ்ஸே முந்திட்டுப் போகுது. இன்னும் கொஞ்சம் அழுத்துடி" என்றார் லென். "ஆனா ஒண்ணு, சுவத்துல மட்டும் மோதிடாதே."

நோரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கியரைக் குறைத்தாள்.

"போகட்டும் விடுங்க. தொண்ணூறு பேரை ஏத்திகிட்டுப் போறேன். மெதுவாத்தான் போகும்."